புறக்கோட்டை பில்லிங் சர்வரும் கேஸ்வாப்டியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பு புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் கொடுத்து நடத்தும் ஒரு சிறிய கம்பனியின் சர்வரை நாங்கள் பராமரிக்கிறோம். கெய்சர் வீதித் துணிக்கடை, செட்டியார் தெரு நகைக்கடை, குறுக்குத் தெருக்களின் மின்சாதனக் கடை என்று பாவனையாளர்கள் பலவகை. ஆனால் எல்லாரும் காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் கதவைத் திறப்பார்கள். பிரச்சினையும் அந்த நேரத்தில்தான் வரும். பில் போடப் பட்டனை அழுத்தினால் திரை அப்படியே நிற்கும். சில கவுண்டர்களில் லொகின் பண்ணவே முடியாது. கொஞ்ச நேரம் இழுபட்டுவிட்டுப் பிறகு தானாகச் சரியாகும். "தம்பி, சிஸ்டம் திரும்ப இறுகிட்டுது" என்று ஒரு முதலாளி தொலைபேசி எடுத்தால், பின்னாலேயே பத்துப் பேர் எடுப்பார்கள்.

இதற்குக் கம்பனிக்குள் ஒரு வைத்தியம் வழக்கத்தில் இருந்தது. ஞாயிறு இரவில் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவார்கள். திங்கள், செவ்வாய் நன்றாக ஓடும். வியாழன், வெள்ளி வரும்போது இறுகத் தொடங்கும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பண்ணினால் சரியாகிறது, அவ்வளவுதான். எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல தடயமே அதுதான். ரீஸ்டார்ட்டில் குணமாகி நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால், நாளுக்கு நாள் ஏதோ ஒன்று வளர்கிறது என்று அர்த்தம்.

இயந்திரம் ஒற்றை ப்ராசஸர், 64 ஜிபி நினைவகம், 8 ஜிபி ஸ்வாப் (நினைவகம் நிரம்பும்போது பக்கங்களைத் தள்ளிவைக்கும் டிஸ்க் இடம்), என்விஎம்இ எனும் வேகமான டிஸ்க். இயங்குதளம் உபுண்டு லினக்ஸ் 22.04, அதன் மையமான கெர்னல் 5.15. அதற்குள் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் ஜாவா செயலியும் ஒன்றாகக் குடியிருந்தன. டேட்டாபேஸின் எல்லா இணைப்புகளுக்கும் பொதுவான நினைவகமான ஷேர்ட் பஃபர் 16 ஜிபி, ஜாவா தன் தரவை வைக்கும் ஹீப் 28 ஜிபி. ஜாவா, பூல் எனப்படும் தன் தொகுப்பில், டேட்டாபேஸுக்கான 150 இணைப்புகளை எப்போதும் திறந்தே வைத்திருக்கும். இணைப்பின் ஆயுள் வரம்பை யாரோ பூச்சியமாக்கி வைத்திருந்தார்கள். அப்படியென்றால் வரம்பே இல்லை; ஒருமுறை திறந்த இணைப்பு ரீஸ்டார்ட் வரை உயிரோடு இருக்கும். இதைத் தவிர, பழைய டெஸ்க்டாப் பில்லிங் செயலியை விடாத சில கடைகள் காலையில் நேரே டேட்டாபேஸுக்கே புதிய இணைப்புத் திறப்பார்கள்.

ராம் கூட்டுவோம் என்பதுதான் முதல் யோசனை. வேறு ஊரென்றால் அப்படியே முடிந்திருக்கும் கதை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மேசைக் கணினிக்கு ராம் நின்ற நிலையில் வாங்கலாம். ஆனால் இந்தச் சர்வருக்கு வேண்டிய ஈசிசி (பிழை திருத்தும்) ராமை ஓடர் கொடுத்துத்தான் எடுப்பிக்க வேண்டும். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு, 200 ரூபா அளவில் நின்ற டாலர் மே மாதத்துக்குள் 360 வரை போனது. அதற்குப் பிறகு விலைப்பட்டியலைத் திறக்கவே கம்பனி முதலாளிக்கு மனம் வரவில்லை. "இருக்கிறதை வைச்சுப் பாருங்கோ" என்றார். அதனால்தான் கெர்னலுக்குள் எட்டிப்பார்க்க வேண்டி வந்தது.

ஸ்கேனர் ஓடியது, ஆனால் எதைப் பிடித்தது?

காலை நேரத்தில் டொப் கட்டளையைப் போட்டால் கேஸ்வாப்டி மேலே நிற்கும். வெற்று நினைவகம் ஓர் எல்லைக்குக் கீழே போனதும் எழுந்து, நினைவகப் பக்கங்களை (4 கேபி துண்டுகளை) ஒவ்வொன்றாகப் பார்த்து, அண்மையில் யாரும் தொடாதவற்றை வெளியே தள்ளும் கெர்னல் வேலையாள் அது; ஸ்கேனர் என்று நாங்கள் சொல்வது இந்த வேலையைத்தான். அது ஓடுவதால் மட்டும் கோளாறு என்று சொல்ல முடியாது. பழைய சன் இயந்திரங்களில் வேலை செய்தவர்கள், சோலாரிஸ் இயங்குதளத்தின் விஎம்ஸ்டாட் கட்டளையில், ஸ்கேன் வேகத்தைக் காட்டும் எஸ்ஆர் நிரலில் பூச்சியத்துக்கு மேல் எண் வந்து நின்றாலே நினைவகம் போதவில்லை என்று படித்தவர்கள். லினக்ஸில் அந்தப் பழக்கம் ஆளை வழி தவற வைக்கும். இங்கே கோப்பு வாசிக்க வாசிக்க வெற்று நினைவகம் எல்லாம் கேஷாக (வாசித்த கோப்புகளின் நகலாக) நிரம்பும்; அதனால் ஸ்கேன் நடப்பது அன்றாட விஷயம்.

பார்க்க வேண்டியது விகிதத்தை. கெர்னல் தன் கணக்குகளைக் காட்டும் ப்ராக் அடைவின் விஎம்ஸ்டாட் கோப்பில் இரண்டு கணக்குகள் உண்டு: எத்தனை பக்கம் ஸ்கேன் பண்ணப்பட்டது, அதில் எத்தனை மீட்கப்பட்டது. இரண்டும் கேஸ்வாப்டிக்கு வேறாகவும், நேரடி மீட்புக்கு வேறாகவும் இருக்கும். நேரடி மீட்பு என்றால், நினைவகம் கேட்ட ப்ராசஸே (ஓடும் நிரலே) தன் வேலையை நிறுத்திவிட்டுத் தானே ஸ்கேன் பண்ணுவது. பில் போட வந்த கவுண்டரின் வேண்டுகோள் நடுவழியில் துப்புரவுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை நிமிடத்துக்கொரு தரம் பதிந்து வித்தியாசம் எடுத்தோம். நாங்கள் சந்தேகித்தது இரவு பேக்கப்பை. அது நூற்றுக்கணக்கான ஜிபி வாசிக்கிறது, ஸ்கேன் எண்ணும் அப்போது மலைபோல் எழுகிறது. ஆனால் மீட்ட எண்ணும் கூடவே எழுந்தது. பார்த்த பக்கமெல்லாம் கிட்டத்தட்டக் கைக்கு வந்தது. ஒருமுறை வாசித்துவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத கோப்புப் பக்கங்களை விடுவிப்பது கெர்னலுக்குச் சுலபம். காலையிலோ ஸ்கேன் எண் அதைவிடக் குறைவு, மீட்ட எண் அதிலும் மிகச் சொற்பம். பக்கத்தைப் பார்க்கிறது, யாரோ தொட்டிருக்கிறார்கள், திரும்பப் பட்டியலில் போடுகிறது, அடுத்ததைப் பார்க்கிறது. நேரடி மீட்பின் எண்ணும் அந்த நேரத்தில்தான் ஏறியது. கெர்னல் 4.20 முதல் இருக்கும் ப்ரெஷர் கணக்கையும் வைத்துப் பார்த்தோம். நினைவகத்துக்காக ப்ராசஸ்கள் காத்திருந்த நேரமும் முதலாளிமார் தொலைபேசி எடுத்த நேரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின.

பேக்கப்பைத் தனி சிகுரூப்பில் (ப்ராசஸ் குழுவொன்றுக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதி) போட்டுக் கட்டுப்படுத்துவோம் என்று எங்கள் குழுவில் ஒரு தம்பி சொன்னார். இந்த யோசனை பல இடங்களில் உதவும், இங்கே உதவாது. பேக்கப் எடுக்கும் டம்ப் கட்டளை வேறு சிகுரூப்பில் ஓடினாலும், டேட்டாபேஸ் கோப்புகளை உண்மையில் வாசிப்பது போஸ்ட்கிரஸின் சொந்த ப்ராசஸ். முதலில் தொட்டவர் கணக்கில்தான் கேஷ் பக்கம் எழுதப்படும். டம்ப்பின் கணக்கில் வருவது அது எழுதும் வெளியீட்டுக் கோப்பு மட்டுமே. எப்படியும் இரவு ஸ்கேன் சுத்தமாக நடந்துகொண்டிருந்தது, ஆகவே அதைத் தொடவில்லை.

பக்க அட்டவணை

திருப்பம் வந்தது மெம்இன்ஃபோ கோப்பில், பலர் தாண்டிப் போகும் ஒரு வரியில்: பேஜ்டேபிள்ஸ், அதாவது பக்க அட்டவணைகள் பிடித்திருக்கும் இடம். திங்கட்கிழமை அது சிறிய எண். வெள்ளிக்கிழமை 4 ஜிபியைத் தாண்டி நின்றது. ஃப்ரீ கட்டளையில் இது தனியாகத் தெரியாது, பயன்பாட்டில் உள்ள நினைவகத்தோடு கலந்துவிடும். நாளுக்கு நாள் வளர்ந்த சாமான் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பில்லை. போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு தனி ப்ராசஸ். ஷேர்ட் பஃபர் எல்லாருக்கும் பொது என்றாலும், அதைக் காட்டும் பக்க அட்டவணை, அதாவது எந்தப் பக்கம் நினைவகத்தில் எங்கே என்ற பட்டியல், ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி. 16 ஜிபியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் 41,94,304 பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் 8 பைட். ஒரு ப்ராசஸ் முழு பஃபரையும் ஒருதரம் தொட்டுவிட்டால் அதற்கு 32 எம்பி அட்டவணை வேண்டும். 150 ப்ராசஸுக்கு 4,800 எம்பி. புதிய ப்ராசஸ் வெறும் அட்டவணையோடுதான் பிறக்கிறது. பக்கங்களைத் தொடத்தொடத்தான் அது நிரம்பும். ஆயுள் வரம்பில்லாத இணைப்புகள் கிழமை முழுக்கத் தொட்டுக்கொண்டே இருந்தன. ஞாயிறு ரீஸ்டார்ட் ஏன் வேலை செய்தது என்பது இங்கே விளங்கும்.

நினைவகம் வீணாவது பாதிக் கதை. ஸ்கேனரின் கஷ்டம் மீதி. ஒரு பக்கம் அண்மையில் தொடப்பட்டதா என்பதை ப்ராசஸர் அட்டவணைப் பதிவில் ஒரு பிட்டாகக் குறித்து வைக்கும். கெர்னலின் கையில் இருப்பதோ பக்கம். எந்தெந்த அட்டவணை அதைக் காட்டுகிறது என்று எதிர்த் திசையில் தேடிப்போக வேண்டும். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பொன்றில் பொது மண்டபத்தின் திறப்பு 150 வீடுகளிலும் இருக்க, "இந்தக் கிழமை யாராவது திறந்தீர்களா" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவது போன்ற வேலை அது. இப்படி நாலு மில்லியனுக்கு மேற்பட்ட மண்டபங்கள். மொத்தப் பதிவுகள் சுமார் 630 மில்லியன். அவ்வளவு தட்டியும் கிடைக்கும் பதில் அநேகமாக "ஓம், திறந்தோம்" என்பதே, ஏனென்றால் டேட்டாபேஸ் தன் பஃபரில் வைத்திருப்பது அதற்கு வேண்டிய பக்கங்களைத்தான்.

லொகின் ஏன் நின்றது? இந்த எதிர்த் தேடல் நடக்கும்போது அந்தப் பொது நினைவகத்தை எந்தெந்த ப்ராசஸ் பாவிக்கிறது என்ற பட்டியலுக்கு ஒரு வாசிப்புப் பூட்டு வேண்டும். புதிய இணைப்பு என்றால் போஸ்ட்கிரஸ் ஒரு ப்ராசஸை ஃபோர்க் பண்ணும், அதாவது தன் நகலாகப் பிறப்பிக்கும். அப்போது புதிய ப்ராசஸ் அதே பட்டியலில் சேர எழுத்துப் பூட்டு வேண்டும்; வாசிப்புப் பூட்டு யாரிடமாவது இருக்கும்வரை அது கிடைக்காது. காலையில் கேஸ்வாப்டியும் நேரடி மீட்பில் இறங்கிய ப்ராசஸ்களும் வாசிப்புப் பூட்டை மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருக்க, பழைய டெஸ்க்டாப் செயலிக் கடைகள் வாசலில் நின்றன. ப்ராசஸர் நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியில், பக்கம் தொடப்பட்டதா என்று பார்க்கும் ஃபங்ஷன்கள் உச்சியில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் இந்தச் சங்கிலி முழுவதும் பொருந்தியது.

ஸ்கேனரைத் திட்டத் தோன்றும். ஆனால் கெர்னல்காரர்கள் இந்தப் பிரச்சினையோடு பல வருஷமாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 2008 கடைசியில் வந்த 2.6.28 பதிப்பில் ரிக் வான் ரீலும் சகாக்களும் ஒற்றைப் பட்டியலைக் கோப்புப் பக்கம் வேறு, ஸ்வாப்புக்குப் போகும் பக்கம் வேறு என்று பிரித்தார்கள். கோப்புப் பக்கத்தைத் தேடி மில்லியன் கணக்கான வேறு பக்கங்களைத் தாண்டிப் போவது நின்றது. அதே பதிப்பில் வந்த இன்னொன்றைப் பற்றிப் பலர் பேசுவதில்லை: பூட்டி வைத்த, எப்படியும் வெளியே தள்ள முடியாத பக்கங்களுக்கென ஒரு தனிப் பட்டியல். ஸ்கேனர் அந்தப் பக்கம் போகவே போகாது. 3.15 பதிப்பில் யோஹான்னஸ் வைனர், தள்ளிய பக்கம் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதை அளக்கும் வழியைச் சேர்த்தார். இவற்றில் எனக்கு அதிகம் பிடித்தது அந்த 2.6.28 இன் தனிப் பட்டியல்தான். பலன் தராத பக்கத்தை வேகமாகப் பார்ப்பதைவிட அதைப் பார்வையிலிருந்தே எடுத்துவிடுவது மேல். எங்கள் சர்வருக்கும் அதையே பண்ணினோம்.

பண்ணியவை

முதலில் சரிவராத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் சர்வர் என்றால் ஸ்வாப்பினஸை (ஸ்வாப்புக்குத் தள்ளும் நாட்டத்தை) 1 ஆக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். ஆக்கிப் பார்த்தோம். ஷேர்ட் பஃபர் ஸ்வாப்புக்குப் போகும் வகைப் பக்கம் என்பதால் அதன்மீது ஸ்கேன் குறைந்தது, லொகின் கொஞ்சம் இளகியது. ஆனால் முழுப் பாரமும் கோப்புக் கேஷின் தலையில் விழுந்தது. தள்ளிய கோப்புப் பக்கங்கள் உடனேயே திரும்ப வாசிக்கப்படும் எண்ணிக்கை ஏறியது, டிஸ்க் வாசிப்பும் ஏறியது. அறிக்கை எடுக்கிற கடைகள் இப்போது கத்தத் தொடங்கின. திரும்ப 60 க்கே கொண்டுவந்தோம்.

அப்புறம் உண்மையான மருந்து. ஷேர்ட் பஃபரை 2 எம்பி பெரும்பக்கங்களுக்கு மாற்றினோம். 16 ஜிபிக்கு 8,192 பெரும்பக்கம். இப்படி ஒதுக்கிய பக்கங்கள் ஸ்கேனரின் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவை ஸ்வாப்புக்கும் போகாது. ஒரு ப்ராசஸின் அட்டவணை 32 எம்பியிலிருந்து 64 கேபியாகச் சுருங்கியது. 150 ப்ராசஸுக்கும் சேர்த்து 10 எம்பிகூட இல்லை. 4 ஜிபிக்கு மேல் நினைவகம் காசில்லாமல் திரும்பி வந்தது. முதலாளிக்கு ராம் விலையில் கணக்குச் சொன்னபோது இந்த ஒரு வரிதான் அவருக்கு விளங்கியது.

செய்பவர்களுக்குச் சில குறிப்புகள். போஸ்ட்கிரஸின் பொது நினைவகம் ஷேர்ட் பஃபரைவிடக் கொஞ்சம் பெரிது, ஆகவே 8,192 போதாது. 15 ஆம் பதிப்பிலிருந்து எத்தனை பெரும்பக்கம் வேண்டும் என்று அதுவே சொல்லும் ஒரு அமைப்பு இருக்கிறது, அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ஒதுக்கப் பார்த்தால் நினைவகம் துண்டுதுண்டாகக் கிடப்பதால் கேட்ட எண்ணிக்கை கிடைக்காமல் போகலாம். பூட் ஆகும்போதே ஒதுக்க வேண்டும். நாங்கள் கடைகள் பூட்டியிருக்கும் ஒரு போயா (பௌர்ணமி) நாளில் அதைச் செய்தோம். முக்கியமானது, போஸ்ட்கிரஸின் பெரும்பக்க அமைப்பு இயல்பாக "ட்ரை" என்று இருக்கும். கிடைக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் சாதாரணப் பக்கத்துக்குப் போய்விடும், ஒதுக்கியதும் வீணாகக் கிடக்கும். அதை "ஓன்" ஆக்கினால் கிடைக்காதபோது டேட்டாபேஸ் தொடங்கவே மறுக்கும். தொந்தரவுதான், ஆனால் மூன்று மாதம் கழித்துக் காரணம் தேடி அலைவதைவிட நல்லது. தானியங்கிப் பெரும்பக்க வசதியை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். அது வேறு, அதை இந்தச் சர்வரில் பூட் ஆகும்போதே அணைத்திருந்தார்கள்.

ஜாவா பூலின் ஆயுள் வரம்பை அரை மணித்தியாலத்துக்குக் கொண்டுவந்தோம். இணைப்பு எண்ணிக்கையையும் குறைத்தோம். அதற்கு எதிர்ப்பு வந்தது, வேகம் குறையும் என்று. குறையவில்லை. பெரும்பாலான இணைப்புகள் சும்மாதான் இருந்தன.

அடுத்தது வாட்டர்மார்க், அதாவது கேஸ்வாப்டி எந்த மட்டத்தில் எழ வேண்டும் என்பது. 64 ஜிபி இயந்திரத்தில் கெர்னல் தானாக வைக்கும் அடிமட்டம் 32 எம்பி. அதன் மேல், மட்டங்களின் இடைவெளியைத் தீர்மானிக்கும் ஸ்கேல் ஃபாக்டர் இயல்பான 10 இல் இருந்தால், மொத்த நினைவகத்தில் 0.1 சதவீதம், சுமார் 65 எம்பி, கூட்டிய இடத்தில் கேஸ்வாப்டி எழும். இன்னொரு 65 எம்பி கூடியதும் தூங்கும். ஆக, கேஸ்வாப்டி எழுவதற்கும் எல்லாரும் நேரடி மீட்பில் விழுவதற்கும் இடையில் 65 எம்பி இடைவெளிதான். டிஸ்க்கோ வினாடிக்கு 1 ஜிபி வாசிக்கக்கூடியது. அந்த வேகத்தில் இது வினாடியில் பதினைந்தில் ஒரு பங்குக்குள் கரைந்துவிடும். ஃபாக்டரை 50 ஆக்கினோம். இப்போது சுமார் 360 எம்பியில் எழுந்து 690 எம்பியில் தூங்குகிறது. ஸ்கேனின் மொத்த அளவு இதனால் குறையாது, ஆனால் அந்த வேலை பில் போடுபவரின் தலையில் விழாமல் பின்னணிக்குப் போகிறது. சில நூறு எம்பி எப்போதும் வெறுமையாக நிற்கும். பெரும்பக்கத்தால் மிச்சம் பிடித்ததோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. வரிசையை மாற்றி இதை மட்டும் செய்திருந்தால் அறிகுறி தணிந்திருக்கும், அட்டவணை தன் பாட்டில் வளர்ந்திருக்கும்.

பல தலைமுறைப் பட்டியல்

கடைசியாக கெர்னலை 6.8 க்கு ஏற்றியபோது எம்ஜிஎல்ஆர்யு எனும் புதிய ஸ்கேன் முறையையும் போட்டுப் பார்த்தோம். கூகுளில் யூ ஷாவ் எழுதி 2022 டிசம்பரில் 6.1 பதிப்போடு வந்தது. பழைய முறையில் ஒரு பக்கம் சுறுசுறுப்பானது, அல்லது சோம்பலானது என இரண்டே நிலை. இதில் வயதுக்கேற்ப நான்கு தலைமுறை வரை உண்டு. எல்லாவற்றிலும் கிழட்டுத் தலைமுறையிலிருந்து தள்ளுகிறது. அதைவிட முக்கியம், பக்கம் பக்கமாக எதிர்த் தேடல் போடாமல், பக்க அட்டவணைகளை நேராக நடந்து பிட்டுகளைக் கும்பலாகப் பார்ப்பது. ஒரு பக்கம் தொடப்பட்டிருந்தால் பக்கத்தில் இருப்பவையும் தொடப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம் என்ற நம்பிக்கையில் அது ஓடுகிறது. வெறிச்சோடிய பகுதிகளைத் தாண்டிப் போக ப்ளூம் ஃபில்டர் (ஒன்று பட்டியலில் இருக்கக்கூடுமா என்று விரைவாகச் சொல்லும் அமைப்பு) வைத்திருக்கிறது.

கூகுள் தன் ஆண்ட்ராய்டு, க்ரோம்ஓஎஸ் சாதனங்களில் கேஸ்வாப்டியின் ப்ராசஸர் செலவு 40 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. அந்த எண்ணை எங்கள் சர்வருக்கு எதிர்பார்க்க எந்த நியாயமும் இல்லை. தொலைபேசியின் வேலை வேறு, டேட்டாபேஸின் வேலை வேறு. ஷேர்ட் பஃபர் ஏற்கெனவே ஸ்கேனரின் கண்ணிலிருந்து போய்விட்டதால் டேட்டாபேஸ் பக்கம் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஜாவா ஹீப்போடு கோப்புக் கேஷ் போட்டியிடும் அறிக்கை நேரத்தில் கேஸ்வாப்டி கொஞ்சம் அடங்கியது. அதற்காக வைத்துக்கொண்டோம். உங்கள் கெர்னலில் அது இயங்குகிறதா என்பதை எல்ஆர்யு ஜென் அடைவின் எனேபிள்ட் கோப்பைத் திறந்து பாருங்கள், விநியோகத்துக்கு விநியோகம் முடிவு வேறுபடும். அதே அடைவில் குறைந்தபட்ச ஆயுள் என்று ஒரு அமைப்பு உண்டு. கொடுத்த மில்லிவினாடிக்குள் பாவித்த பக்கங்களைக் காப்பாற்ற முடியாமல் போனால் நினைவகக் கொலையாளியை (நினைவகம் போதாதபோது ஒரு ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் வசதியை) அது கூப்பிடும். மடிக்கணினியில் உறைந்துபோன திரையைவிட அது மேல். டேட்டாபேஸ் ஓடும் இயந்திரத்தில் அதைப் பூச்சியத்திலேயே விட்டிருக்கிறோம்.

ஞாயிறு ரீஸ்டார்ட்டை நிறுத்தியாயிற்று. பேஜ்டேபிள்ஸ் வரிக்கும், மீட்ட எண்ணை ஸ்கேன் எண்ணால் வகுத்த விகிதத்துக்கும் எச்சரிக்கை மணி கட்டியிருக்கிறோம். தீபாவளிக்கு முந்திய கிழமைகளில், கெய்சர் வீதி நிற்க இடமில்லாமல் இருந்தபோதும், அது அடிக்கவில்லை.

மிச்சமிருப்பது ஜாவா ஹீப். வேண்டாத தரவை நீக்கும் ஜாவாவின் குப்பை சேகரிப்பான் ஹீப் முழுவதையும் சுற்றி வரும்போது பழைய பக்கங்களின் பிட்டையும் எழுப்பிவிடுகிறது, யாருக்கும் வேண்டாத பக்கமும் ஸ்கேனருக்குப் புதியதுபோல் தெரிகிறது. 28 ஜிபி தேவையே இல்லை என்பது எங்கள் எண்ணம். செயலி எழுதியவர்கள் குறைக்க முடியாது என்கிறார்கள். ஷேர்ட் பஃபரை 20 ஜிபியாக்கவும் பேச்சு நடக்கிறது. அது நடந்தால் பெரும்பக்கங்கள் 10,240 க்கு மேல் வேண்டும், அந்த நினைவகம் ஹீப்பிலிருந்துதான் வர வேண்டும்.